க்ளூமின் இடக்கைக் கோடரி

என் வீட்டுக்காரர் க்ளூமுக்கு இடக்கைப் பழக்கம். மலைகளுக்கு நடுவே கடல் நீண்டு நுழையும் எங்கள் ஃபியோர்டின் கரையில் கப்பல் கட்டும் இடத்தில் அவருக்குத் தார் காய்ச்சும் வேலைதான். செதுக்கக் கொடுத்தால் மரத்தைக் குதறிவிடுவார் என்று பெரிய ஆசாரி தியோடல்ஃப் விடவே மாட்டார். மனுஷனுக்கோ ஒரே ஆசை, கப்பலுக்கு மூக்காக நிற்கும் முன்மரத்தைத் தன் கையால் செதுக்கவேண்டும். தூக்கத்தில்கூட என் தோளைச் சீவுவார்.

எனக்குப் பொறுக்கவில்லை. கொல்லுப்பட்டறை வைத்திருக்கும் என் அண்ணன் ப்ரூசியிடம் அவருக்கென்று ஒரு தாடிக் கோடரி கேட்டேன். அதன் வாய் கீழே தாடியாக இறங்கியிருக்கும். தாடிக்குப் பின்னால் கையை விட்டுக் காம்பைப் பிடித்தால் மெல்லிசாகச் சீவலாம். அண்ணனும் இரும்பில் எஃகு வாயை ஒட்டி, ஒரு முகத்தை மட்டமாகவும் மறு முகத்தைச் சரிவாகவும் தீட்டிக் கொடுத்தான். மட்ட முகம்தான் மரத்தோடு படியவேண்டும். க்ளூம் இடக்கையில் பிடித்தால் சரிவு போய் மரத்தில் முட்டியது. அண்ணன் பழக்கதோஷத்தில் வலக்கைக்கே அடித்துவிட்டான்.

"அதுக்கென்ன மச்சான், திருப்பி மாட்டிக்கிறேன்" என்று க்ளூம் இரும்பைக் காம்பிலிருந்து கழற்றித் தலைகீழாக மாட்டினார். மட்டம் சரியான பக்கம் வந்தது. தாடி வானத்தைப் பார்த்தது.

"தும்மப்போற கிடா மாதிரி இருக்கு" என்றேன்.

அண்ணன் முகம் சிவந்தது. "எங்க அப்பன் காலத்துலேருந்து இடக்கைக்கு அடிச்சதே இல்ல."

"இப்ப அடி. அதுவரைக்கும் என் வீட்டுப் பாலாடைக்கட்டிய மறந்துடு."

என் பாலாடைக்கட்டி இல்லாமல் அவனுக்குச் சோறு இறங்காது. மறுபடி உலையை மூட்டினான்.

அந்த வசந்தத்தில் முன்மரத்துக்கு ஏற்ற வளைவோடு ஒரே ஒரு ஓக் மரம் கிடைத்தது. கெட்டுப்போனால் அந்தக் கோடையில் கப்பலே கிடையாது. வலப்பக்கத்தை ஆசாரியே முடித்தார். இடப்பக்கத்தில் அவருடைய வலக்கை வீச்சுக்கு மரத்தின் இழை எதிர்த்துப் பிய்ந்து கிளம்பியது.

"க்ளூம், வந்து ஒரு சீவு சீவு. பிசகுச்சுன்னா தார்ச்சட்டிக்கே ஓடிடணும்."

சாப்பாடு கொண்டுபோன நான் அங்கேயே நின்றுவிட்டேன். க்ளூம் புதுக் கோடரியின் தாடிக்குப் பின்னால் விரல்களைக் கோத்துச் சீவினார். வெங்காயத் தோல் போல ஒரு சுருள் விழுந்தது. ஆசாரி போதும் என்று சொல்லவில்லை. இருட்டுவதற்குள் அந்தப் பக்கம் முழுதும் முடிந்தது.

காலையில் கப்பலுக்குச் சொந்தக்காரர் ஹாவார்ட் வந்து இரண்டு பக்கமும் தடவிப் பார்த்தார். இடப்பக்கத்தில் கை நின்றது.

"இதுதான் ஆசாரி வேலை. அந்தப் பக்கம் கொஞ்சம் சொரசொரன்னு இருக்கு, யாரு செஞ்சது? இன்னொரு தடவை சீவச் சொல்லுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் தியோடல்ஃப் தொண்டையைச் செருமினார்.

"நீங்க மெச்சினது க்ளூம் செஞ்சதுங்க" என்றார். பிறகு தன் கோடரியை எடுத்துக்கொண்டு வலப்பக்கம் போனார். "க்ளூம், அந்தத் தார்ச்சட்டிய வேற யாரையாவது பாத்துக்கச் சொல்லு."