பிளானில் இல்லாத குழி

முலாம் பூசும் தொழிற்சாலையில் அவளை எல்லோரும் 'மஞ்சக்கை' என்றுதான் கூப்பிட்டார்கள். குரோமியக் கரைசல் தொட்டிகளைக் கழுவிவிடும் வேலை. பத்தொன்பது வருஷம் கழுவினாள். விரல்கள் மஞ்சளேறின, அதோடு விட்டதா, மூக்கின் நடுச்சுவரில் ஓட்டையும் விழுந்தது. "வலிக்காது, பழகிடும்" என்றார் கம்பெனி டாக்டர். வலிக்கத்தான் இல்லை. ஆனால் வாசனை போய்விட்டது. அடுப்பில் வைத்தது தீய்ந்தால் அடுத்த வீட்டுக்காரி வந்து சொல்ல வேண்டும்.

தொட்டியின் அடியில் தங்கும் கசடை அவளும் இன்னொருத்தியும் வாளி வாளியாகச் சுமந்துபோய், பாய்லர் கொட்டகைக்குப் பின்னால் இருந்த குழியில் கொட்டுவார்கள். அது நிறைந்ததும் மேஸ்திரி பக்கத்திலேயே இன்னொரு குழியைக் காட்டினார். அதிலும் கொட்டினார்கள்.

ஒருநாள் கம்பெனி சொல்லாமல் கொள்ளாமல் பூட்டிக்கொண்டது. பல வருஷம் முள்ளும் புதருமாகக் கிடந்த இடத்தில் நகராட்சி பூங்கா கட்டப்போவதாகப் பலகை நட்டது. கட்டடங்களை இடித்து, மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, எங்கிருந்தோ செம்மண் கொண்டுவந்து பரப்பினார்கள். தோட்ட வேலைக்கு ஆள் எடுத்தபோது மருமகள்தான் மனு எழுதிக் கொடுத்தாள். "வெளிக்காத்துல வேலை அத்தை. அந்தத் தொட்டிக்கு இது எவ்வளவோ மேல்."

சேர்ந்த முதல் வாரமே எஞ்சினீயரிடம் போனாள்.

"சார், ஊஞ்சல் போடப்போற இடத்துல பழைய குழி இருக்கு. ரெண்டு குழி."

அவர் மேஜையில் விரித்திருந்த தாளில் விரலை ஓட்டினார். "பிளான்ல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா."

"பிளான்ல இருக்காது சார். அதுல கொட்டினதே நான்தான்."

"பன்னெண்டு இடத்துல மண்ணெடுத்துப் பரிசோதனை பண்ணியாச்சு. எல்லாம் சரியா இருக்கு. நீங்க செடியைப் பாருங்க."

மண்ணெடுத்த இடங்களில் முளை அடித்திருந்தார்கள். அவள் சுற்றி வந்து எண்ணிப் பார்த்தாள். பன்னிரண்டில் ஒன்றுகூட அந்தப் பக்கம் இல்லை.

பூங்கா திறந்தார்கள். ஊஞ்சலைச் சுற்றி அவள் நட்ட வேலிச்செடி கருகியது. மறுபடி நட்டாள், அதுவும் போயிற்று. மூன்றாம் தடவை சூப்பர்வைசர் வந்து, "தண்ணி விடாம மரத்தடியில உக்காந்திருந்தா செடி எப்படி வரும்?" என்றார். அவள் போய் இன்னொரு குடம் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். இருக்கிற வேலையும் போய்விட்டால் என்ன செய்வது?

மழைக்காலம் வந்தது. ஊஞ்சலுக்குக் கீழே கால் பட்டுப் பள்ளமான இடத்தில் தண்ணீர் தேங்கி, இரண்டாம் நாள் மஞ்சளாக மாறியது. ஒரு சின்னப் பெண் அதைக் காகிதக் கப்பில் மொண்டு, ஜூஸ் என்று சொல்லி வாய்க்குக் கொண்டுபோனாள். மஞ்சக்கை ஓடிப்போய்க் கப்பைத் தட்டிவிட்டாள். குழந்தையின் கையிலும் அடி பட்டது.

"என் பிள்ளைமேல கை வைக்க நீ யாரு?" என்று தாய் சீறினாள். அன்றைக்கே புகாரும் கொடுத்தாள்.

மறுநாள் காலை மஞ்சக்கை மண்வெட்டியை எடுத்து ஊஞ்சலடியில் வெட்டினாள். முழங்கால் ஆழம்கூடப் போகவில்லை, பச்சையும் மஞ்சளுமாகக் குழைந்து வந்தது. ஒரு வாளி அள்ளிக்கொண்டுபோய் எஞ்சினீயர் மேஜைமேல் வைத்தாள்.

இது என்ன என்று அவர் கேட்கவில்லை. "யாரைக் கேட்டுத் தோண்டினே?" என்றுதான் கேட்டார்.

புகார் என்ன ஆயிற்று என்று விசாரிக்க வந்திருந்த அந்தத் தாய் கதவருகே நின்றிருந்தாள். வாளியைப் போனில் படம் எடுத்தாள். அந்தப் படம் ஊரெல்லாம் சுற்றிய பிறகுதான் அந்த இடத்து மண்ணையும் எடுத்துப் பார்த்தார்கள். ஊஞ்சலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். விசாரணை வைத்தார்கள்.

"குழியில கொட்டினது யாரு?" என்றார் அதிகாரி.

"நாங்க ரெண்டு பேரு சார். மேஸ்திரி காட்டின இடத்துல. அதையும் எழுதிக்குங்க."

"அதுக்குச் சாட்சி இருக்கா?"

கூடச் சுமந்தவள் நுரையீரல் கெட்டுச் செத்து இரண்டு வருஷமாகியிருந்தது. மேஸ்திரி எங்கே இருக்கிறார் என்று யாருக்கும் தெரியாது. முதலாளி எந்த நாட்டில் இருக்கிறாரோ, அவரைத் தேட யாரும் மெனக்கெடவும் இல்லை. அறிக்கையில் கசடு கொட்டியவர் என்று ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அவளுடையது. அனுமதியில்லாமல் தோண்டியதற்கும் குழந்தையை அடித்ததற்கும் சேர்த்து வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தத் தாய் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்துப் பார்த்தாள். கோப்பு மூடியாயிற்று என்றார்கள்.

எஞ்சினீயருக்கு வேறு ஊரில் இதைவிடப் பெரிய பூங்கா கிடைத்தது.

தெருக் குழாயடியில் பெண்கள் அவளைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். "விஷத்தைக் கொட்டினவ இவதான்" என்று ஒருத்தி காதுபடவே சொன்னாள். மஞ்சக்கை குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தாள்.

"நீங்க பேசாம இருந்திருக்கலாம் அத்தை" என்றாள் மருமகள். கோபமாகச் சொல்லவில்லை.

"முன்னாடி அப்படித்தானேம்மா இருந்தேன்" என்றாள் அவள்.

குழிகள் இருந்த இடத்தில் காங்கிரீட் போட்டு, பூங்காவுக்கு வருகிறவர்கள் வண்டி நிறுத்திக்கொள்ளக் கோடு கிழித்துவிட்டார்கள். கீழே இருப்பதைத் தோண்டி எடுக்கவில்லை. அவள் இப்போது ஓர் ஆஸ்பத்திரி கேண்டீனில் பாத்திரம் கழுவுகிறாள். வேலைக்குப் போக நேர்வழி பூங்காவை ஒட்டித்தான். இரண்டு தெரு சுற்றிக்கொண்டு போகிறாள்.