மஞ்சளாய் வந்த முகம்

சிட்னியின் மேற்குப் பக்கத்தில் ஆலங்கட்டி மழை கொட்டி, எங்கள் தெருவில் நின்ற கார்களின் கண்ணாடியெல்லாம் நொறுங்கியதே, அதற்கு அடுத்த கிழமைதான் என் மனைவிக்கு முதன்முதலாகக் கண் மஞ்சளாகத் தெரிந்தது. மழை பெய்த அன்று நல்லாகத்தான் இருந்தாள். முன்வீட்டுக்காரர் தன் புதுக் காருக்கு ஓடி ஓடிப் போர்வை போர்த்துவதை யன்னலால் பார்த்து, "பெத்த பிள்ளைக்கும் இப்பிடிப் போர்த்தியிருக்க மாட்டார்" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பை வைத்துத்தான் நான் காலத்தைப் பிரித்து வைத்திருக்கிறேன். மழைக்கு முன், மழைக்குப் பின்.

நான் அதிகம் படிக்காதவன். செவன் ஹில்ஸில் பிளாஸ்டிக் மூடி செய்கிற பக்டரி ஒன்றில் ஓய்வு பெறும்வரை நின்றேன். ஒன்றைச் சொல்லத் தொடங்கினால் வேறெங்கோ போய்விடுவேன். "உங்களிட்டை மகளின்ர கெல்லிவில் வீட்டுக்கு வழி கேட்டாக் கொழும்பால சுத்திக் கூட்டிக்கொண்டு போவியள்" என்பாள் அவள். இப்போது இழுத்து நிறுத்த ஆள் இல்லை. பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈரலில் கட்டி, வெட்ட முடியாத இடம் என்றார்கள். கண்ணில் தொடங்கிய மஞ்சள் முகத்துக்கும் கைக்கும் இறங்கியது. முதலில் அவளே பகிடி விட்டாள். "இஞ்சாருங்கோ, கலியாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு மஞ்சள் பூசேல்லை." பிறகு பகிடி நின்றது. பாத்ரூம் கண்ணாடியைத் துவாயால் மூடச் சொன்னாள். மணி அடித்தால், நித்திரை என்று சொல்லச் சொன்னாள். சூப்போடும் இடியப்பத்தோடும் வந்த சனம் வாசலிலேயே பாத்திரத்தைத் தந்துவிட்டுத் திரும்பியது. மெல்பேணில் இருக்கிற அவளுடைய அக்கா வீடியோவில் எடுத்தால், கமராவை நிற்பாட்டிவிட்டு "நெட் சரியில்லை அக்கா" என்பாள். அக்கா நடக்க ஏலாதவ, பிளேன் ஏறி வரமாட்டா. இவளுக்குச் சின்ன வருத்தம், மருந்தோடு சரிவரும் என்று மட்டும்தான் அவவுக்குச் சொல்லி வைத்திருந்தோம்.

ஒருநாள் பின்னேரம் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "இந்த நிறத்தில என்னை ஒருத்தரும் பாக்கக் கூடாது. செத்த பிறகும்தான். பெட்டியை மூடி வையுங்கோ."

ஓம் என்றேன். மூடித்தான் வைத்தோம். மெல்பேண் அக்காவுக்கு, திடீரென்று போய்விட்டாள் என்று மட்டும் சொன்னோம்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கு வருகிறவர்களுக்குச் சாப்பாடு கொடுத்து, கையில் நினைவு மலர் என்று ஒரு சின்னப் புத்தகமும் கொடுத்துவிடுவது. அட்டையில் போனவரின் படம், உள்ளே தேவாரம், அவரைப் பற்றி நாலு பேர் எழுதியது. மகள்தான் அதைச் செய்தாள். அட்டைப் படத்துக்கு அவளுடைய கெல்லிவில் புது வீட்டில் பால் காய்ச்சிய அன்று எடுத்த படத்தைத் தெரிவு செய்தோம். மனைவி பின்வளவில் மயில்கழுத்து நீலச் சேலையோடு நிற்கிறாள். யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும், சிரிப்பு வாயில் வந்து நிற்கிறது, இன்னும் முழுக்க வரவில்லை.

அந்தச் சேலை வாங்கிய கதையைச் சொல்லாமல் போகமுடியாது. கடைக்காரர் லைட்டுக்குக் கீழே விரித்து, "அன்ரி, இதைவிட வடிவா ஒண்டும் இல்லை" என்றார். இவள் சேலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். கடைக்காரர் பின்னால் ஓடி வந்தார். "பயப்படாதையும், களவெடுக்கேல்லை. லைட் வெளிச்சத்தில எல்லாம் வடிவாத்தான் இருக்கும். வெயிலில என்ன சொல்லுது எண்டு பாப்பம்" என்றாள். றோட்டோரம் நின்று சேலைத் தலைப்பை வெயிலில் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள். பஸ்ஸுக்கு நின்ற வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, நல்ல நிறம் என்று சொல்லிவிட்டுப் போனாள். எடுத்துவிட்டோம்.

படம் நிழலில் எடுத்தது, முகம் கொஞ்சம் இருட்டு. மகள் தன் கொம்பியூட்டரில் காசில்லாமல் இறக்குகிற சொப்ட்வெயர் ஒன்று வைத்திருந்தாள், படம் திருத்துவதற்கு. அதில் முகத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கினாள், வெயில் பட்டது மாதிரிக் கொஞ்சம் சூடு ஏற்றினாள். ஸ்கிரீனில் பார்த்தேன். ஆள் எழும்பி வந்து நின்றது போல இருந்தது.

செவன் ஹில்ஸில் அச்சகம் வைத்திருப்பவர் மட்டக்களப்புப் பக்கத்து முஸ்லிம் ஆள், மகளை விடக் கொஞ்சம் மூத்தவர். அட்டையை ஒருதரம் சரி பார்க்கச் சொல்லி மகளின் போனுக்கு அனுப்பினார். நேரில் வந்து அடித்த தாளைப் பாருங்கள் என்றும் சொன்னாராம். சமையல்காரருக்குச் சொல்ல வேண்டும், ஐயரைப் பிடிக்க வேண்டும், யார் போவது? போனில்தான் பார்த்தோம்.

"அப்பா, ஓகே தானே?"

"ஓம், வடிவா இருக்கு."

புத்தகக் கட்டுகள் வந்தன. படையலுக்கு முன்னால் வைத்துத்தான் கட்டுப் பிரிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அதனால் யாரும் பிரிக்கவில்லை. மனைவியின் தம்பி அவற்றில் ஒரு கட்டைக் காரில் ஏற்றிக்கொண்டு மெல்பேணுக்கு வெளிக்கிட்டான். அங்கே இருக்கிற சொந்தக்காரர்கள் அதே நாளில், த பேசின் என்கிற இடத்தில் இருக்கிற பிள்ளையார் கோயிலில் ஒரு பூசை வைத்திருந்தார்கள். சிட்னிக்கு வரமுடியாதவர்களுக்கு அங்கே புத்தகம் கொடுப்பதென்று ஏற்பாடு. "அத்தான், அங்கை பூசையிலதான் பிரிப்பன், போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

முப்பத்தோராம் நாள் காலை படையல் வைத்து, மகள் கட்டைப் பிரித்தாள். முதல் புத்தகத்தை எடுத்தவள் அப்படியே நின்றாள். பிறகு அதைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதையும் கவிழ்த்தாள்.

நான் வாங்கிப் பார்த்தேன். முகம் மஞ்சள். ஏதோ கொஞ்சம் நிறம் மாறியது என்று சொல்லக்கூடிய மஞ்சள் இல்லை. கடைசிக் கிழமைகளில் தலையணையில் நான் பார்த்த அதே மஞ்சள். நெற்றியில், கன்னத்தில், கழுத்து மடிப்பில். சேலை மயில்கழுத்தை விட்டு ஒரு செத்த ஊதாவாகக் கிடந்தது. அதற்கு மேலே அந்தச் சிரிப்பு, பாதி வந்தபடி.

சனம் வரத் தொடங்கிவிட்டது. கட்டுகளைத் தூக்கிக் குசினி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினோம். புத்தகம் பிறகு வரும் என்று எல்லோருக்கும் சொன்னோம். மகள் மாமனுக்குப் போன் அடித்தாள், அடித்தாள், அவன் எடுக்கவில்லை. பூசைக்குப் போனவன் போனைக் காருக்குள் விட்டிருந்தான்.

பின்னேரம் மெல்பேணிலிருந்து அக்கா போன் எடுத்தா. நான் ஹலோ சொல்ல முதலே தொடங்கினா.

"தம்பி, ஏன் எனக்கு மறைச்சனீங்கள்?"

"என்னத்தை அக்கா?"

"புத்தகம் கொண்டுவந்து தந்தவை. அவளின்ர முகத்தைப் பாத்தன். இவ்வளவு வருத்தத்தோடயோ பிள்ளை சிரிச்சுக்கொண்டு நிண்டவள்? நெட் சரியில்லை, நெட் சரியில்லை எண்டு என்னை ஏமாத்தினவள்."

அது சுகமாக இருந்த காலத்துப் படம், பிழை அச்சில் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால், அந்த மஞ்சள் உண்மையாகவே அவளுக்கு வந்ததையும் சொல்ல வேண்டுமே. அக்கா அழுது முடியும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த நாள் அச்சகத்துக்குப் போனோம். மகள் கோபத்தோடுதான் போனாள். அந்த மனிசன் கோபப்படவில்லை.

"தங்கச்சி, நீங்க அனுப்பினது ஸ்கிரீன் வெளிச்சத்துட கலர். எங்கட மெசின்ல இருக்கிறது நாலு மை. நீலம், சிவப்பு மாதிரி ஒண்டு, மஞ்சள், கறுப்பு. உங்கட பைலை மெசின் தானா மாத்தி எடுத்திருக்கு. நீங்க சூடு ஏத்தின இடமெல்லாம் மஞ்சளைக் கூட அள்ளிப் போட்டிருக்கு. நாலு மைக்கு மாத்தித் தந்தீங்க எண்டா நான் அப்பிடியே அடிப்பன்."

"என்ர சொப்ட்வெயரில நாலு மைக்கு சேவ் பண்ண ஒப்ஷனே இல்லை, அண்ணா."

"அப்ப கலியாணக் கார்ட்டுக்கு அது காணும். முகத்துக்குக் காணாது."

கெல்லிவில் வீட்டுக்கு வந்து மகள் தன்னோடு வேலை செய்கிற தமிழ்நாட்டுப் பிள்ளையைக் கூப்பிட்டாள். அந்தப் பிள்ளையும் கெல்லிவில்தான், இரண்டு தெரு தள்ளி. வந்து கொம்பியூட்டரைப் பார்த்துவிட்டுச் சிரித்தது.

"என்னடி, இவ்வளவு பழைய வெர்ஷனை வச்சிருக்க? புதுசுல பிரிண்ட்டுக்கு வேண்டியதெல்லாம் வந்துடுச்சு. இதுவும் ஃப்ரீதான்."

"எனக்கு ஆர் சொன்னது? நீ சொன்னனியோ?"

"ஆமா, நான் தினமும் வந்து உன் வெர்ஷன் பார்க்கணுமா?"

புதியதை இறக்கினார்கள். அச்சகக்காரர் தன் மெசினுக்கும் தாளுக்கும் உரிய நிறக் கணக்கை ஒரு பைலாக அனுப்பியிருந்தார். அதை உள்ளே போட்டு, ஓரிடத்தில் ஒரு சரி அடையாளம் போட்டதும், ஸ்கிரீனில் இருந்த முகம் தாளில் எப்படி வருமோ அப்படி மாறியது. ஒரு கண்வெட்டில் மஞ்சள் ஏறியது. மகள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தப் பிள்ளைக்கு நடந்தது முழுக்கத் தெரியாது. ஆனாலும் ஒன்றும் கேட்காமல் மகளின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றது.

"சரி பண்ணிடலாம், அங்கிள். மஞ்சளைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கறோம். போதும்னா சொல்லுங்க."

நான் கதிரையை இழுத்துக் கிட்டப் போட்டு உட்கார்ந்தேன். இன்னும் எடு, இன்னும் கொஞ்சம், ஐயோ அது வெளிறிப்போச்சு, திரும்பிப் போ. வீட்டில் மனைவி குழம்புக்கு உப்புப் பார்க்கச் சொல்லி அகப்பையை நீட்டுகிற மாதிரி இருந்தது. நெற்றி வந்தது. கன்னம் வந்தது. அவளின் மாநிறம் வந்தது. போதும் என்றேன்.

"சேலை மட்டும் வராது, அங்கிள். அந்த நீலம் வெளிச்சத்துல இருக்கு, மையில இல்ல. எவ்வளவு முட்டினாலும் இவ்வளவுதான்."

இந்த முறை போனில் பார்க்கவில்லை. அலுமாரியில் இருந்த அந்தச் சேலையையும் ஒரு பையில் வைத்துக்கொண்டு செவன் ஹில்ஸுக்குப் போனோம். மெசின் சூட்டோடு தாள் வந்தது. "வெளியில கொண்டு வாங்கோ" என்றேன். அச்சகக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார், ஆனால் வந்தார். ரோலர் கதவுக்கு வெளியே, லொறிகள் திரும்புகிற இடத்தில், காரின் பொனற்றில் தாளை வைத்தேன். பக்கத்தில் சேலையை எடுத்து வைக்கப் போனபோது அவர், "பொறுங்க அங்கிள்" என்று உள்ளே ஓடிப்போய் மை பட்ட கையைக் கழுவித் துடைத்துவிட்டு வந்து ஒரு தலைப்பைப் பிடித்தார்.

வெயிலில் முகம் முகமாகவே இருந்தது. சேலைதான் வேறு. அசல் சேலை காற்றுக்கு ஆடி ஆடி நீலமும் பச்சையும் காட்டியது. தாளில் இருந்தது களைத்துப்போன நீலம்.

"அடிக்கவா, அங்கிள்?"

"அடியுங்கோ. சேலை என்னட்டை இருக்குத்தானே."

புதுப் புத்தகங்களைச் சிட்னியில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம். பழையவற்றைத் திருப்பி வாங்க நானும் மகளும் மெல்பேணுக்குப் போனோம். சிலர் தந்தார்கள். சிலர் எங்கே வைத்தோம் என்று தேடினார்கள். கோயிலில் பூசைக்கு வந்த முகம் தெரியாத ஆட்களும் வாங்கிப் போயிருக்கிறார்கள், அவர்களை எங்கே தேடுவது.

அக்கா வீட்டுச் சாமியறையில், விளக்குக்குப் பக்கத்தில், மஞ்சள் முகம் சாத்தியிருந்தது. நான் கதிரையில் உட்கார்ந்து, கட்டி, கண்ணாடிக்குப் போட்ட துவாய், மூடின பெட்டி, எல்லாவற்றையும் சொன்னேன். புதுப் புத்தகத்தைக் கையில் கொடுத்தேன். அக்கா அதை நெடுநேரம் பார்த்தா.

"இது நல்லாயிருக்கு தம்பி. இதையும் வைச்சிட்டுப் போங்கோ."

"அப்ப மற்றதைத் தாங்கோ அக்கா. அவள் கேட்டவள்."

"அது எனக்கு வேணும். கடைசி நேரம் அவள் எனக்குக் காட்டாத முகம் அது. பிழையா அடிச்சதோ என்னவோ, நான் பாத்தது அதைத்தான். அதை என்னட்டை இருந்து எடுக்காதேங்கோ."

நான் எடுக்கவில்லை. ஓம் என்று ஒரு சொல் கொடுத்திருந்தேன், அதில் அக்காவின் சாமியறை அளவுக்கு ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. அதை அடைக்க எனக்கு மனம் வரவில்லை. மற்ற ஓட்டைகளையாவது அடைக்க வேண்டும்.

அதனால் இதை வாசிக்கிறவர்களிடம் கேட்கிறேன். த பேசினில் அன்றைக்கு நீங்களோ உங்களுக்குத் தெரிந்தவரோ ஒரு நினைவு மலர் வாங்கியிருந்தால், அட்டையில் ஊதாச் சேலையோடு மஞ்சளாய் ஒரு அம்மா நின்றால், எறிய வேண்டாம், உள்ளே தேவாரம் இருக்கிறது. அட்டைக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளைச் சுற்றிவிடுங்கள். கையில் எடுக்கிறவரிடம், அவள் நிறம் இது இல்லை, சேலையும் இது இல்லை, அச்சில் வந்த பிழை என்று சொல்லுங்கள். கேட்டவர் இன்னொருவருக்குச் சொல்லட்டும்.