பல்லி நிறுத்திய மாத்திரை

என் சகலைக்குக் கம்பெனியில் பல்லி என்று பேர். லிஃப்ட் ஓடும் குழிக்குள், பன்னிரண்டாம் மாடி உயரத்தில், சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வேலை பார்ப்பார். அக்காவை அவர் கட்டினார், தங்கையை நான் கட்டினேன்; அந்த அக்கா எனக்கு அண்ணி. போதாக்குறைக்கு இருவருக்கும் ஒரே கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக் வேலை.

ஐம்பத்துமூன்று வயதில் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்து, நான்கு மாத்திரைகள் எழுதிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். எவ்வளவு உப்பு, எவ்வளவு எண்ணெய், எத்தனை நிமிடம் நடை என்று எல்லாவற்றுக்கும் ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் தாளும் இல்லை, பேச்சும் இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது.

எட்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மொட்டைமாடி மோட்டார் அறையில் சாப்பாட்டு டப்பாவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"சகலை, ஒண்ணு கேக்கணும். சிரிக்கக் கூடாது."

"சொல்லுங்க."

"எனக்கு அந்த நெனப்பே வர மாட்டேங்குது."

"எந்த நெனப்பு?"

"ரெண்டு பிள்ள பெத்தவன்தானே நீ? எந்த நெனப்புன்னு கேக்கறே!"

சிரித்துவிட்டேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது.

"ஒடம்பு ஒத்துழைக்கலேன்னா கூடப் பரவாயில்ல. மனசே கேக்கல. பசியே இல்லாதவன் முன்னாடி சாப்பாட வச்ச மாதிரி இருக்கு. மாத்திரையா, வயசா, பயமா, ஒண்ணும் வெளங்கல. உன் அண்ணி வேற, ஆஸ்பத்திரிலேருந்து வந்த அன்னைக்கே தலகாணிய எடுத்துட்டு ஹாலுக்குப் போயிட்டா. எனக்கு வரலேன்னு அவ போனாளா, அவ போனதால எனக்கு வரலையா? இப்படியே போனா நானும் அவளும் ஒரே வீட்ல ரெண்டு வாடகைக்காரங்கதான்."

"டாக்டர்கிட்ட கேளுங்க."

"அந்தம்மாவுக்கு என் பொண்ணு வயசு. எந்த மூஞ்சிய வச்சிட்டுக் கேப்பேன்?"

என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "அப்ப ஃபால்ட் தேடற மாதிரி ஒவ்வொண்ணா கழட்டிப் பாருங்க" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

ஃபால்ட் தேடுவது எப்படியென்றால், ஒவ்வொரு மாடிக் கதவிலும் ஒரு பாதுகாப்பு சுவிட்ச் இருக்கும். ஒன்று பழுதானாலும் லிஃப்ட் நின்றுவிடும். எது பழுது என்று தெரியாதபோது, சந்தேகப்படும் சுவிட்சைத் தாண்டி மின்சாரம் போக ஒரு துண்டு ஒயரைக் கொடுத்து, லிஃப்ட் பெட்டி அசைகிறதா என்று பார்ப்போம். அசைந்தால் திருடன் அகப்பட்டான். ஆனால் அந்த ஒயரை எடுக்கும்வரை உள்ளே ஆள் ஏறவே கூடாது. இதில் பல்லி அவ்வளவு கறார். ஒயரை எடுக்க மறந்த ஒருவனோடு ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்பேர்ப்பட்ட மனிதர், தன் விஷயத்தில் மட்டும் ஆளை உள்ளே வைத்துக்கொண்டே சோதனை செய்தார். அண்ணி நாள்வாரியாகப் பிரித்து வைக்கும் மாத்திரை டப்பாவிலிருந்து, முதல் வாரம் கொழுப்பு மாத்திரையை மட்டும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். ஒரு மாற்றமும் இல்லை. அடுத்த வாரம் அதைத் திரும்பத் தொடங்கிவிட்டு, இதயத் துடிப்பை அடக்கிவைக்கும் மாத்திரையை நிறுத்தினார். மூன்றாம் நாள் காலையில் எனக்குப் போன் செய்தார்.

"சகலை, வந்துடுச்சு!"

"என்ன வந்துடுச்சு?"

"நெனப்புதான். அவ அடுப்படில நின்னு மிக்ஸியத் திட்டிட்டிருந்தா. பாத்துட்டே நின்னேன், சுர்ருன்னுச்சு. மாத்திரைய நிறுத்தினதாலயா, அவ திட்டின அழகாலயா, தெரியல."

"நிறுத்தினீங்களா? நான் சும்மா சொன்னதுக்கா? முதல்ல எடுத்து வாயில போடுங்க!"

"இருய்யா, கேளு. தோள்ல கை வச்சேன். சூடு பட்ட மாதிரி விலகிட்டா. 'வேண்டாங்க, போங்க'ன்னா. ஒரு எடத்துல சரிபண்ணினா இன்னொரு எடத்துல நிக்குது. எனக்குத் தலையே சுத்துது."

மாத்திரையைப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தார். போடவில்லை. நான் அன்றைக்கே அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டும். இதை எந்த வாயால் சொல்வது என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். எனக்கு அறிவு இருந்திருந்தால் அந்தக் கூச்சம் வந்திருக்காது.

மறுநாள் முற்பகல், பழுதான லிஃப்டைப் பார்க்க என்னோடு படியேறிய மனிதர் ஆறாம் மாடியில் உட்கார்ந்துவிட்டார். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது எனக்கு வெளியே தெரிந்தது. அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். இன்னொரு மாரடைப்பு இல்லை, பிழைத்தோம். நூலகத்தில் வேலை செய்யும் அண்ணி, கழுத்தில் அடையாள அட்டை தொங்க அப்படியே ஓடிவந்தார்.

"மாத்திரை ஏதாவது விட்டீங்களா?" என்று டாக்டரம்மா கேட்டார். பல்லி விட்டத்தைப் பார்த்தார். நான்தான் உளறினேன். எதற்காக என்று கேட்டபோது, அவரே சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு முழுவதையும் சொன்னார்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "இத நாங்களே முதல்ல கேட்டிருக்கணும். மாத்திரையா இருக்கலாம், பயமா இருக்கலாம், மனசு சோர்ந்து போயிருக்கலாம், எல்லாம் சேர்ந்தும் இருக்கலாம். வேற மாத்திரைக்கு மாத்திப் பாக்கலாம். ஆனா மாத்தறது என் வேலை. அந்த மாத்திரைய திடீர்னு நிறுத்தினா ஆபத்து. கடையில ஏதாவது வாங்கிப் போட்டுக்கறது அதவிட ஆபத்து."

"மாத்தினா சரியாயிடுமா?"

"உறுதியா சொல்ல முடியாது. பாக்கலாம்."

நான் நழுவப் பார்த்தேன். "இருங்க தம்பி, இனிமே உங்களுக்குத் தெரியாதது என்ன இருக்கு?" என்ற அண்ணி, டாக்டரம்மாவிடம் திரும்பினார்.

"இவருக்கு மாரடைப்பு வந்ததுக்கு முந்தின ராத்திரி, நாங்க ஒண்ணா இருந்தோம் டாக்டர். என்னாலதானே வந்துச்சு?"

பல்லி படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அடிப்பாவி! எட்டு மாசமா இதையா நெனச்சிட்டிருந்தே?"

"இல்லம்மா" என்றார் டாக்டரம்மா. "அந்த அடைப்பு பல வருஷமா சேர்ந்தது. நீங்க காரணமே இல்ல." இன்னொரு தடவையும் நிதானமாக அதையே சொன்னார். அண்ணி தலையாட்டினார், நம்பினாரா என்று தெரியவில்லை.

டாக்டரம்மா போன பிறகு எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"உனக்கு என்னைப் பிடிக்காமப் போயிடுச்சுன்னு நெனச்சேன்" என்றார் பல்லி.

"நான் தொட்டா உங்களுக்கு ஏதாவது ஆயிடும்னு பயந்தேன். ஹால்ல போய்ப் படுத்தா தூக்கமா வருது? கதவுக்கு வெளியே நின்னு, மூச்சு வருதா வருதான்னு எண்ணிட்டிருப்பேன்."

பல்லி மெல்லத் தலையணையில் சாய்ந்துகொண்டார். "புது மாத்திரைலயும் அந்த நெனப்பு வரலேன்னா?"

"வரலேன்னா போகுது. நான் பக்கத்துலயே வந்து படுத்துக்கறேன்."

"இப்பல்லாம் கொறட்டை ஜாஸ்தி விடறேன் போல."

"விடுங்க. எண்ண வேண்டியிருக்காது."