சருகு போட்ட மீன்தொட்டி

சாச்சி பிள்ளை கொண்டு வர ஆஸ்பத்திரிக்குப் போன அன்று, சாச்சா தன் மீன்தொட்டியை என் பொறுப்பில் விட்டார். அவர் வாப்பாவின் தம்பி. எங்கள் கட்டுகஸ்தோட்டை வீட்டின் பின்னறையில்தான் இருவரும் இருந்தார்கள். தொட்டியில் ஐந்து கப்பி மீன்கள். ஒன்றின் வயிறு சாச்சியின் வயிற்றைப் போலவே உப்பியிருந்தது.

"இதுவும் இண்டைக்கு நாளைக்குக் குஞ்சு போடும். பெரிய மீனெல்லாம் திண்டிடும். மேல மிதக்கிற செடி ஏதாச்சும் வாங்கிப் போடு, குஞ்சுக்கு ஒளிய இடம் வேணும்" என்றார். பையோடு ஓடியவர் வாசலில் திரும்பினார். "சாச்சி வந்து முதல்ல இதைத்தான் பார்ப்பா. ஒண்டும் சாகப்படாது, சரியா?"

அந்தக் கையோடு கடைக்கு ஓடினேன்.

பாலத்தடி வளர்ப்பு மீன்கடையில் மூன்று பேசின்களில் செடிகள் மிதந்தன. ஒன்று கடுகைத் தூவியது போல. அதற்குள் குஞ்சு எப்படி ஒளியும்? இன்னொன்று எலிக்காது போல, வேர் கட்டை. மூன்றாவது குட்டிக் கோவா மாதிரி இலை அடுக்கடுக்காய் விரிந்து, அடியில் வேர் தாடியாய்த் தொங்கியது. எனக்கு அதில்தான் கண். ஆனால் வாய் திறக்க வெட்கம், அதுவும் சிங்களத்தில். கடைக்காரர் தானாகவே விஷயத்தைக் கேட்டறிந்து, "திய பரண்டெல்" போடு என்று சொல்லிவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

திய என்றால் தண்ணீர். பரண்டெல் என்றால் சருகு. பக்கத்து வீட்டுச் சிங்கள நோனா முற்றம் கூட்டும்போது திட்டிக்கொண்டே சொல்லும் சொல். கடையில் சருகு எங்கேயும் இல்லை. மறுபடி கேட்கத் தைரியமும் இல்லை. வீட்டுக்கு வந்து பலாச் சருகு பொறுக்கி, கழுவி, தொட்டி நிறையப் போட்டேன். நான் கண் வைத்த அந்தக் கோவாச் செடியின் பெயர்தான் அது என்று தெரிய வெகுகாலம் ஆயிற்று.

அடுத்த நாள் சருகெல்லாம் அமிழ்ந்து தண்ணீர் பழுப்பாகிவிட்டது.

"மீனுக்கு பிளேன்டீ ஊத்திக் குடுக்கிறியாடா?" என்று எனக்கு மூத்தவள், ராத்தா, சிரித்தாள்.

மூன்றாம் நாள் காலை தாய் மீனின் வயிறு ஒட்டியிருந்தது. குஞ்சு ஒன்றையும் காணவில்லை. வயிற்றுவலி என்று பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டு, கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கிடந்தேன். கடைசியில் கையை விட்டு ஒரு சருகை மெல்லத் தூக்கினேன். அடியில் கண்ணிமை முடி அளவில் குஞ்சுகள். ஏழு. மூச்சு விடாமல் சருகை இறக்கினேன்.

அன்று பின்னேரம் சாச்சாவும் சாச்சியும் திரீவீலில் வந்திறங்கினார்கள். சாச்சியின் கையில் ஒரு உடுப்புப் பை மட்டும். உம்மா ஓடிப்போய் அவரைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தார். நான் முன்னால் போய் நின்று, மூன்று நாளாய் அடைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"சாச்சி, குஞ்சு ஏழும் உசிரோட ஈக்கிது. ஒண்டும் சாகல்ல."

உம்மா என் தோளில் நறுக்கென்று கிள்ளினார். சாச்சா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சாச்சி மட்டும் தொட்டியருகே வந்து குந்தினார். "எங்க மகன், காட்டுங்க."

சருகைத் தூக்கிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். தண்ணீரைப் பாழாக்கியதற்கு ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். விழவில்லை.

கொண்டு வரப் போன பிள்ளையைப் பற்றி வீட்டில் ஒருவரும் பேசவில்லை. மறதியில் ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு வந்திருப்பார்கள் என்று நினைத்தேன். ஞாபகப்படுத்த எனக்கு வெட்கமாக இருந்தது.