எல்லைக்கட்டைக்கு இந்தப் பக்கம் ஒரு பொங்கல்

லண்டனில் முதன்முறை வாக்களிக்கப் போனபோது வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டேன். வாக்குச்சாவடி ஒரு தேவாலயத்துக்குள் இருந்தது. நீங்களும் கழற்றியிருப்பீர்கள். காலுறையோடு வரிசையில் வந்த என்னைப் பார்த்து, மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணி, "சப்பாத்து நனைந்துவிட்டதா?" என்று கேட்டார். "இல்லை, இது கோயில்" என்று சுவரிலிருந்த சிலுவையைக் காட்டினேன். அவர் சிரித்தார். "இன்றைக்கு அவருக்கு இங்கே வேலையில்லை. அடையாள அட்டை இருக்கிறதா?"

இலங்கைக் கடவுச்சீட்டை நீட்டினேன். பொதுநலவாய நாட்டவரும் இங்கே வாக்களிக்கலாம் என்று அறிந்த அன்றே பதிந்துவிட்டவள் நான். கடவுச்சீட்டின் அட்டையில் பொன்னிறத்தில் நாட்டுச் சின்னம்: உச்சியில் தர்மச் சக்கரம், அடியில் நெற்கதிர் நிறைந்த குடம். என் கண் குடத்திலேயே நின்றது. அன்று காலை எங்கள் ஊர் விசுவமடுவில் அம்மாவின் பொங்கல் பானை அடுப்பேறியதா இல்லையா என்று இன்னும் தெரியவில்லை.

எங்கள் வயல் முடிகிற இடத்தில், பாலை மரத்தடியில் ஐயனார் இருக்கிறார். சிலை கிடையாது, ஒரு கல், ஒரு சூலம். அறுவடை முடிந்தால் புது அரிசிப் பொங்கல் அவருக்குத்தான். பால் எந்தப் பக்கம் வழிகிறது என்று பார்க்க, கண்ணில் புகை எரிய எரியக் குந்தியிருப்போம். நான் ஊரில் இருந்தபோது நடந்த கடைசித் தேர்தலில் எங்கள் வேட்பாளரும் அங்கே வந்து தேங்காய் உடைத்தார். சைக்கிளில் ஊர் முழுக்க நோட்டீஸ் கொடுத்தவள் என்பதால் அவருடைய வாகனத்தில் நானும் ஏறிக்கொண்டேன். அடுத்தது தேவாலயம், அதற்கடுத்தது பௌத்த விகாரை. எல்லா இடத்திலும் விழுந்து கும்பிட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "நெத்தியில நீறு காய முதலே அங்கால போயிட்டாரோ?" என்று அம்மா சிரித்தார். "போகட்டும். ஐயனாருக்கு ஒரு வேலி போட்டுத் தந்தால் காணும்."

வேலி வரவில்லை, கட்டைகள் வந்தன. மரத்தடியில் பழைய செங்கல் கிடக்கிறது, இது பௌத்தப் புராதன இடம் என்று தொல்பொருள் கந்தோரிலிருந்து வந்தவர்கள் எல்லைக்கட்டை நட்டார்கள். உள்ளே அடுப்பு மூட்ட எழுத்தில் அனுமதி வேண்டுமாம். அம்மா திரும்பத் திரும்பப் போய்க் கேட்டார். கடிதம் வரவேயில்லை.

இலங்கைச் சட்டத்தில் பௌத்தத்துக்கு முதலிடம். இங்கேயும் அரசுக்கு ஒரு சமயம் உண்டு, அரசர்தான் திருச்சபைக்குத் தலைவர். ஆயர்கள் மேல்சபையில் கதிரை போட்டு இருக்கிறார்கள். முதலில் வாசித்தபோது, அட, எங்கட நாடு மாதிரித்தானே என்று துள்ளினேன். ஆனால் ஒரு பானைக்குக் கடிதம் கேட்பவர்களை நான் இங்கே இன்னும் காணவில்லை.

வாக்களித்துவிட்டு, தேவாலயப் படியில் இருந்தபடி அம்மாவை அழைத்தேன்.

"பொங்கினனீங்களோ?"

"ஓம் பிள்ளை. கட்டைக்கு இந்தப் பக்கம், வரம்பில அடுப்பு வைச்சனான். பால் அங்கால பாத்துத்தான் வழிஞ்சது. ஐயனாருக்குக் கண் தெரியும்தானே. அதை விடு, நீ ஆருக்குப் போட்டனீ?"

"நூலகத்தைப் பூட்ட விடமாட்டன் எண்ட ஒரு மனுசிக்கு."

"அவா என்ன சமயம்?"

"தெரியாதம்மா."

"கேக்காமலே போட்டனியோ?"

பிறகு அம்மா, "உன்ர பங்கை வாழையிலையில வைச்சிருந்தனான். காகம் திண்டிட்டுது" என்றார்.

ஒரு சப்பாத்தைப் போட்டுவிட்டேன். மற்றதைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே இருந்தேன். வாக்களிக்க வந்தவர்கள் சப்பாத்துக் காலோடு என்னைத் தாண்டி உள்ளே போய்க்கொண்டிருந்தார்கள்.