இருட்டில் பிடித்த கை

சிட்லபாக்கத்தில் தண்ணீர் சுத்திகரிக்கும் மெஷின்களைப் பழுது பார்க்கும் அசரியாவுக்குப் பிடித்த படம் ஒன்றே ஒன்றுதான். செத்துப்போன ஒருவன் பேயாக வந்து, தன்னைக் கொன்றவனைப் பழிவாங்காமல், வாரிசுச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸில் அலைகிற படம். தியேட்டரில் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. நடித்தவர்களே மறந்திருப்பார்கள். அசரியா மறக்கவில்லை. ஃபில்டர் மாற்றப் போகிற வீட்டில் யாராவது காபி கொடுத்தால் போதும், பேச்சு எப்படியோ அந்தப் பேயிடம் போய் நிற்கும். நாவலூர் அடுக்குமாடி ஒன்றில் ஓர் அம்மாள் அதற்குப் பயந்தே வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

அவ்வளவு பிரியத்துக்கும் காரணம் ஒரு கை. தாம்பரத்தில் டைப்ரைட்டிங் படித்த காலத்தில், கூடப் படித்தவர்கள் கும்பலாக அந்தப் படத்துக்குப் போனார்கள். அசரியாவின் ஒரு பக்கம் சுவர், இன்னொரு பக்கம் கெசியா. அவளிடம் பேச அவனுக்கு நாக்கு எழும்பியதே இல்லை. இடைவேளையில் டீ குடித்துவிட்டு, விளக்கணைந்த பிறகுதான் தடவித் தடவி வந்து உட்கார்ந்தான். பேய் தாசில்தாரின் மேஜைக்கு மேலே மிதந்துகொண்டிருந்தபோது கரண்ட் போனது. எங்கிருந்தோ வந்த தைரியத்தில் பக்கத்து சீட்டில் இருந்த கையைப் பிடித்தான். அது விலகவில்லை. இறுகப் பற்றிக்கொண்டது. கரண்ட் வந்ததும் கையை விட்டவன், திரும்பிப் பார்க்க வெட்கப்பட்டு, படம் முடிந்தவுடன் முதல் ஆளாக வெளியே ஓடிவிட்டான்.

திங்கட்கிழமை கெசியாவிடம் போய், வீட்டில் எப்போது வந்து பேசலாம் என்று நேரடியாகவே கேட்டான். சுற்றி வளைக்காத ஆள் என்று அவளுக்குப் பிடித்துப்போயிற்று. கல்யாணம் நடந்தது. மகள் ஜாஸ்மின் இப்போது குரோம்பேட்டையில் இன்ஜினியரிங் படிக்கிறாள். அந்தக் கையைப் பற்றி மட்டும் அசரியா மனைவியிடம்கூடப் பேசியதில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த விஷயத்தை வாயால் சொல்லிக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டான்.

இந்த வருஷம் கல்யாண நாளன்று ஜாஸ்மின் யூடியூபில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து டிவியில் போட்டாள். இடைவேளை தாண்டியதும் கெசியா, இந்தப் பேய் ஏன் மேஜைக்கு மேலே தொங்குகிறது என்று கேட்டாள். அதற்குள் மறந்துவிட்டதா என்று அசரியா குறும்பாகச் சிரித்தான்.

"நான் எங்க பாத்தேன்? நம்ம கூடப் படிச்ச சத்யபிரியாவுக்கு வாந்தி வந்து, இன்டர்வெல்லயே அவள இட்டுகினு வூட்டுக்குப் போய்ட்டேனே."

அசரியாவின் முகம் வெளுத்தது. வாய் தவறி எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். கெசியா தட்டைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஜாஸ்மின்தான் நிதானமாகக் கேட்டாள்: "அப்போ நீ யாரு கையப் புடிச்சப்பா?"

அன்று கூட வந்தவர்களில் அவன் இன்றும் பழகுகிற ஒரே ஆள் ஆரோன். மறுநாள் காலையிலேயே பல்லாவரத்தில் ஆரோனின் பெல்ட் கடைக்குப் போனான். ஆரோன் ஒரு பெல்ட்டுக்கு ஓட்டை போட்டுக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டும் நிமிரவேயில்லை.

"அது நான்தான் மச்சான். அந்த சீட்டு காலியா இருந்துச்சி, வந்து குந்திகினேன்."

"இத்தினி வருஷமா இன்னாத்துக்குடா சொல்லல?"

"நீ தெரிஞ்சுதான் புடிச்சன்னு நெனச்சேன். அம்மா செத்து பத்து நாள்கூட ஆவல. எல்லாரும் என்னப் படத்துக்கு இஸ்துகினு போனீங்க. ஆனா ஒருத்தரும் அதப்பத்தி ஒரு வார்த்தை பேசல. நீ ஒருத்தன்தான் கையப் புடிச்ச."

அசரியா ஸ்டூலில் உட்கார்ந்தான். ஆரோனின் அம்மா இறந்ததே அவனுக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ஆரோன் மேலும் சொன்னான். ஒவ்வொரு வருஷமும் அம்மாவின் நினைவு நாளில் ஜெபம் முடிந்ததும் அவன் அந்தப் பேய்ப் படத்தைப் போட்டுப் பார்க்கிறான். ஒருமுறை போதகரும் உட்கார்ந்து கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போனவர், அதன்பின் ஜெபத்துக்கு உதவியாளரைத்தான் அனுப்புகிறார்.

வீடு திரும்பியபோது கெசியாவின் சிரிப்பு அடங்கியிருந்தது. "அந்தக் கை இல்லன்னா நீ எங்கிட்ட வந்து பேசியே இருக்க மாட்ட, இல்ல?" என்றாள்.

பொய் சொல்லலாமா என்று பார்த்தான். வரவில்லை. "மாட்டேன்" என்றான்.

சாயங்காலம் வரை அவள் அடுப்படியிலேயே இருந்தாள். அப்புறம், ஞாயிற்றுக்கிழமை ஆரோனைக் குடும்பத்தோடு சாப்பிட வரச் சொல் என்றாள். வந்தவனுக்குப் பிரியாணியில் இரண்டு லெக் பீஸையும் எடுத்து வைத்துவிட்டு, "அண்ணா, கொஞ்சம் கையக் காட்டுங்க, பாப்போம்" என்றாள். ஆரோன் காட்டினான். தோல் வேலை செய்து காய்த்துப்போன, சுத்தியல் போன்ற கை. அவள் அதைப் பார்த்தாள், பிறகு கணவனைப் பார்த்தாள். தயிர்ப் பச்சடி எடுக்கப் போனாள்.

அடுத்து வந்த நினைவு நாளில் இரண்டு குடும்பமும் பல்லாவரத்தில் கூடியது. உதவியாளர் ஜெபத்தை முடித்துக்கொண்டு அவசரமாகக் கிளம்பினார். படம் ஓடியது. கெசியா தலையணை கொண்டுவந்திருந்தாள், ஆனால் தூங்கவில்லை. இவ்வளவு மட்டமான படத்தை ஜென்மத்தில் பார்த்ததில்லை என்றாள். செத்தவனே வந்து தனக்கு எப்படி வாரிசுச் சான்றிதழ் வாங்குவான் என்று கேட்டாள்.

இரண்டு ஆண்களும் படத்தை நிறுத்திவிட்டு, முகம் சுண்டிப்போய், ஒருவர் பேச்சில் ஒருவர் குறுக்கிட்டு அவளுக்கு விளக்கத் தொடங்கினார்கள்.