இலைக்கு இஸ்திரி

சலவைக்கடையில் அவருக்குப் பெயர் மடிப்பு. சட்டைக் கையில் அவர் வைக்கும் மடிப்பு சாயங்காலம் வரை கலையாது. வீட்டில்தான் பாச்சா பலிக்கவில்லை. இரண்டு வயது மகள் உருண்டை, அவர் தூக்கினாலே வில்லாய் வளைந்து அம்மாவிடம் தாவுவாள். நாளை முதல் அம்மா காலை நேரத்தில் மருந்துக்கடை வேலைக்குப் போகிறாள். மடிப்புக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. காலை முழுக்க இவர்கள் இருவர் மட்டும்.

"மண்ணு, இலை, கூழாங்கல்லு எல்லாம் ஒரு தட்டுல போட்டு வைங்க. அளைஞ்சு விளையாடுவா. நீங்க பக்கத்துல உட்கார்ந்தா போதும், ஒட்டிக்குவா," என்றாள் மனைவி.

அவர் மும்முரமாக இறங்கினார். மண்ணை மாவுச் சல்லடையில் சலித்தார். கற்களைச் சோப்புப் போட்டுக் கழுவினார். இலைகளை அலசி, சுருண்டவற்றைத் துணிக்கடியில் வைத்து மிதமான சூட்டில் ஒரு தேய்ப்பு. நிறவாரியாக அடுக்கியும் வைத்தார்.

உருண்டை தட்டைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"தொடும்மா. சுத்தமா இருக்கு."

அசையவில்லை. இலை பிடிக்கவில்லையா, தன்னையே பிடிக்கவில்லையா? அவருக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

மனைவி ஒரு இலையை எடுத்துப் பார்த்தாள். "என்னங்க, இலைக்கு இஸ்திரியா? ஹேங்கர்ல மாட்டாம விட்டீங்களே!"

"சுருங்கி இருந்துச்சு."

"இருக்கட்டுமே. கல்யாணத்துக்கா கிளம்புது?"

"அப்ப அழுக்காவே குடுக்கணுமா? கையெல்லாம் ஆயிடுமே."

"ஆகட்டும்."

அழுக்கை எடுக்கத்தான் அவருக்குச் சம்பளம். குழப்பத்தோடேயே பால்கனியிலிருந்த பூந்தொட்டி ஒன்றைத் தூக்கிவந்து செய்தித்தாளில் கவிழ்த்தார். ஈரக் கட்டி உடைந்து, வேருக்கிடையிலிருந்து ஒரு மண்புழு நெளிந்தது.

"ஐயையோ!" என்று துள்ளினார்.

உருண்டை கெக்கெக்கென்று சிரித்தாள். ஓடிவந்து இரண்டு கையையும் மண்ணுக்குள் விட்டாள்.

"இது?"

"வேரு."

"இது?"

அது என்னவோ ஒரு கறுப்பு முட்டை மாதிரி. "தெரியலையேம்மா."

அந்தப் பதில் அவளுக்குப் பிடித்துவிட்டது போலும். எழுந்து வந்து, அவருடைய வெள்ளைச் சட்டையில் நெஞ்சிலிருந்து வயிறு வரை கையைத் தேய்த்துவிட்டு மடியில் உட்கார்ந்தாள்.

"பாசமா, இல்ல என்னைத் துண்டுன்னு நெனச்சுட்டாளா?" என்று கிசுகிசுத்தார்.

"எதுவா இருந்தா என்ன? எழுந்து போயிடப் போறா, ஆடாம இருங்க."

அவர் ஆடவில்லை. உயர்த்திய இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்றுதான் தெரியவில்லை.